அரை டப்பா மருந்து

லாரிப் பட்டறைகள் வரிசையாக இருந்த அந்தச் சாலையில் அவரைக் ‘காது’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெற்றோர் வைத்த பெயர் கையெழுத்துப் போட மட்டும் பயன்பட்டது. நீளமான திருப்புளியின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு, "மூணாவது சிலிண்டர். வால்வு தேஞ்சிருக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவதாகத்தான் இருக்கும். முப்பது வருஷப் பிழைப்பு அப்படி ஓடியது.

ஐம்பத்தாறாவது வயதில் அந்தக் காது அவரைக் கைவிட ஆரம்பித்தது. ஒரேயடியாக அல்ல. ஹாரன், தகரத்தில் விழும் சுத்தியல், பக்கத்துப் பட்டறைச் சண்டை எல்லாம் கேட்டன. சன்னமான சத்தங்கள்தான் ஒவ்வொன்றாகப் போயின. வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்த அவர் மனைவிக்கு இது ஒரு வருஷமாகத் தெரியும்.

"போன் அடிக்குதுங்க" என்றாள் ஒருநாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கேக்குது, கேக்குது. எடுக்கிறேன்."

"அது அடிக்கவே இல்ல. சும்மா சொல்லிப் பாத்தேன்."

அவர் பாதி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"காது டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமே. கண்ணுக்குக் கண்ணாடி போடலையா?"

"அந்தப் பேச்ச இத்தோட விடு."

கண்ணும் காதும் ஒன்றா? கண்ணாடி போட்ட மெக்கானிக்கிடம் வண்டி வரும். காது கேட்காத ‘காது’விடம் யார் வருவார்கள்? இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. பட்டறையில் சமாளிக்கப் பழகிக்கொண்டார். எஞ்சின்மேல் கையை வைத்து அதிர்வைப் பார்ப்பார். வண்டிக்காரரின் முகத்தைப் பார்ப்பார். கூட வேலை செய்த மைத்துனனிடம், "உனக்கு எங்கேருந்து வர்ற மாதிரி இருக்கு, சொல்லு பாக்கலாம்" என்று பரீட்சை வைப்பதுபோல் கேட்பார். மாமா தனக்குத் தொழில் பழக்குகிறார் என்று அவனுக்குப் பெருமை.

அந்த மைத்துனன் உதிரிபாகம் வாங்கப் போயிருந்த ஒரு காலையில் கண்ணாடி லாரி வந்தது. ஜன்னல் கண்ணாடிகளை ஆலையிலிருந்து கடைகளுக்குக் கொண்டுபோகும் வண்டி. ஓட்டுகிறவளும் சொந்தக்காரியும் ஒரே ஆள்தான். நாற்பது வயதுப் பெண்மணி. எல்லோரும் டிரைவரம்மா என்பார்கள். பத்து வருஷமாக அந்த வண்டியை வேறு பட்டறைக்காரர் யாரையும் தொடவிட்டதில்லை.

"காலையில ஸ்டார்ட் பண்ணதும் டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம், அண்ணே. மேலயா கீழயான்னு எனக்குப் புரியல."

அவர் திருப்புளியை ஊன்றினார். கண்ணை மூடினார். எஞ்சினின் பெரிய உறுமல்தான் வந்தது. அதற்குள் டிக்கும் இல்லை, டக்கும் இல்லை. குத்துமதிப்பாக வால்வு இடைவெளியைச் சரிசெய்தார்.

"இன்னும் இருக்கே, அண்ணே" என்றாள் அவள். "உங்களுக்குக் கேக்கலையா?"

இல்லைம்மா, கேக்கல. இரண்டே சொல். தொண்டைவரை வந்தது.

"கேக்காம என்ன? லேசான தேய்மானம். நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. முடிச்சிடறேன்."

அவள் போனதும் அலமாரியின் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். எண்ணெயில் கலக்கிற கெட்டி மருந்து, தேன்போல இழுபடும். எஞ்சின் சத்தத்தைக் குறைக்கும் என்று விற்பனைக்காரர் ஒருவர் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனது. "இது சத்தத்த அமுக்கும், நோவ அமுக்காது" என்று அன்றைக்கு அவரையே கிண்டல் செய்து அனுப்பியவர் இவர்தான். அதில் அரை டப்பாவை, காதும் காதும் வைத்தாற்போல், எஞ்சினுக்குள் ஊற்றினார். மீதியைப் பழைய டயர்களுக்குள் செருகினார்.

டிரைவரம்மா வந்து எஞ்சினை ஓடவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். முகம் மலர்ந்தது.

"போயே போச்சு. உங்க காதுக்கு ஈடு கிடையாது, அண்ணே."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது வாரம், முழுச் சுமையோடு மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் ஒரு முறை அலறிவிட்டு இறுகி நின்றது. சுமைக்குப் பிரேக் தாங்காமல் வண்டி பின்னோக்கி உருண்டது. அவள் ஸ்டியரிங்கைப் பலங்கொண்ட மட்டும் ஒடித்துச் சுவரில் சாய்த்து நிறுத்தினாள். பின்னால் வேறு வண்டி வரவில்லை. அது ஒன்றுதான் நல்ல நேரம். கண்ணாடியெல்லாம் பாலத்தில் சிதறியது. அவளுடைய இடது மணிக்கட்டு உடைந்தது.

வண்டியை இழுத்துக்கொண்டு எங்கே வருவார்கள்? அவரிடமே வந்தார்கள். கையில் கட்டோடு அவள் நிற்க, மைத்துனன் அடியில் படுத்து எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினான்.

"யாரோ கெட்டி மருந்து ஊத்தியிருக்காங்க, மாமா. எண்ணெய் இழுக்கிற சல்லடை முன்னாடியே அழுக்குல பாதி அடைச்சிருக்கு. தண்ணியா இருந்த ஆயிலே தட்டுத்தடுமாறித்தான் போயிருக்கும். இந்தக் கூழ் எப்படிப் போகும்?"

சல்லடையைக் கழுவியிருந்தால் ஒரு மணி நேர வேலை. அந்த டிக் டிக் அதைத்தான் சொல்லியிருக்கிறது.

"நான் ஒண்ணும் ஊத்தலையே" என்றாள் டிரைவரம்மா. பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, "போன வாரம் பங்க் பக்கத்து ஆயில் கடையில ஒரு லிட்டர் ஊத்தச் சொன்னேன். அந்தாளு ஏதோ டப்பாவத்தான் திறந்தான். அவன் வேலைதான் இது. இல்லையா, அண்ணே?"

அவர் சல்லடையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லவில்லை.

அவள் நேரே ஆயில் கடைக்குப் போனாள். டீ குடிக்க நின்ற பத்துப் பதினைந்து ஓட்டுநர்களுக்கு முன்னால் கடைக்காரரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டாள் என்று நாலு நாள் கழித்து மைத்துனன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவர் சிரிக்கவில்லை. மதியம் தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் திட்டவில்லை. தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

"வந்து சாப்பிடுங்க. முதல்ல போயிட்டு வாங்க."

டிரைவரம்மா வீட்டில் ஒற்றைக் கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். எதையும் விடவில்லை, டயருக்குள் செருகியதைக்கூட. அவள் மடித்த துணியை ஓரமாக வைத்தாள்.

"கேக்கலைன்னு சொல்லியிருந்தா, நான் என் காதால கேட்டு இங்கேருந்துதான் வருதுன்னு சொல்லியிருப்பேனே" என்றாள். "பொம்பள வண்டி ஓட்டினா இப்படித்தான்னு அன்னைக்கு உங்க பட்டறைக்கு வண்டிய இழுத்துட்டு வந்தவன்லாம் பேசினான். அதையும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டிருந்தது. தலையை ஆட்டினார்.

"எஞ்சின நான் புதுசாக் கட்டித் தர்றேன். உடைஞ்ச சரக்குக்கும் நான் பொறுப்பு."

"கட்டுங்க. உங்க மச்சான் கேட்டுப் பாத்துச் சொல்லட்டும். அப்புறம் நான் வேற பட்டறை பாத்துக்கறேன்." பிறகு, "அந்தக் கடைக்காரர்கிட்ட நான் போய் மன்னிப்புக் கேட்டுக்கறேன். நீங்களும் போகணும்" என்றாள்.

அன்று சாயங்காலமே போனார். கடைக்காரர் மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். புனலைத் துடைத்தபடி முழுதும் கேட்டார்.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. அன்னைக்கு இங்க நின்னாங்களே, அவங்ககிட்ட யார் சொல்றது? நாலு நாளா ஒருத்தனும் எங்கிட்ட ஆயில் மாத்தல."

மறுநாள் காலை, ஓட்டுநர்கள் கூடும் நேரத்துக்கு அவர் மறுபடி போனார். பாதிப் பேர் அவர் கைபட்ட வண்டிகளை ஓட்டுகிறவர்கள். "என்னண்ணே, இந்தப் பக்கம்?" என்று இடம் விட்டார்கள். அவர் நடுவில் நின்று, கடைக்காரர்மேல் தப்பில்லை என்றார். மருந்து ஊற்றியது தான் என்றார். டிரைவரம்மா ஓட்டியதில் ஒரு பிசகும் இல்லை, அவள் ஒடித்துத் திருப்பியதால்தான் ஓர் உயிரும் போகவில்லை என்றார். சன்னமான சத்தம் தனக்குக் கேட்டு ஒன்றரை வருஷமாயிற்று என்பதையும் சொன்னார்.

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் கீழே பார்த்தார். இன்னொருவர், போன மாதம் அவரிடம் வண்டி விட்டவர், எழுந்து சாலையோரம் நின்ற தன் லாரியின் பக்கம் நடந்தார்.

டீக்கடைக்காரர் ஒரு கண்ணாடி டம்ளரோடு அவர் முகத்துக்கு நேரே குனிந்தார். நேற்றுவரை சாதாரணமாகப் பேசிய அதே மனிதர், ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து உரக்கக் கேட்டார்: "சர்க்கரை... போடவா?"

சாலையே திரும்பிப் பார்த்தது.

"போடு" என்றார் அவர்.