யசோதா பணியில் இல்லாத நாள்

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் எங்கள் வட்டார அலுவலகத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் பதினாறு. ஆட்கள் ஐந்து பேர். சுற்றுச்சூழல் அதிகாரி நிருபமா மேடம் தன் நாற்காலியோடு இன்னும் இரண்டு அதிகாரிகளின் நாற்காலிகளையும் சேர்த்துக் கவனிக்கிறார். கோப்பு எழுதும் உதவியாளனான நான், சீனிவாசராகவன், மூன்று பேர் வேலையைச் செய்கிறேன். பெங்களூரில் ஏதாவது ஏரி நுரைத்தால் டி.வி.யில் எங்களைத் திட்டுகிறார்கள். திட்டுகிறவர்கள் ஒருநாள் வந்து, அந்தக் காலி நாற்காலிகளைத் தூசி தட்டிவிட்டுத் திட்டினால் எனக்குச் சம்மதம்.

அந்த ஐந்து பேரில் யசோதாவைச் சேர்ப்பதே முறைப்படி தவறு. அவர் ஒப்பந்த ஊழியர். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து அங்கேயே குடியிருப்பவர். கழிவுநீர் மாதிரி எடுத்து, பாட்டிலில் சீல் வைத்து, ஐஸ் பெட்டியில் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவருவது அவர் வேலை. பதினோரு வருஷமாகச் செய்கிறார். அவரை எங்களுக்கு அனுப்பும் ஏஜென்சி வருஷா வருஷம் ஜூன் முப்பதாம் தேதி அவருக்கு ஒருநாள் ‘பிரேக்’ கொடுக்கும். அன்று அவர் வேலையில் இல்லை, மறுநாள் புதிதாகச் சேருகிறார். விடாமல் வேலை பார்த்தேன், நிரந்தரம் செய்யுங்கள் என்று கோர்ட்டுக்குப் போய்விடக் கூடாதல்லவா, அதற்காக. யசோதா அந்த நாளிலும் வந்துவிடுவார். “காயிதத்துலதானே சார் நான் இல்ல? பாட்டிலு யாரு கழுவறது?” என்பார். நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

எங்கள் ஜீப் ஓடி இரண்டு வருஷமாகிறது. அதனால் ஒரு வழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. சோதனைக்குப் போவதற்கு முதல்நாள், சோதிக்க வேண்டிய இடத்துக்கே போன் செய்து “வண்டி அனுப்புங்க” என்போம். ஏ.சி. கார் வரும். வெட்கத்தோடு சொல்கிறேன், அந்தப் போன்களைச் செய்தவன் நான்தான்.

வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. ஆயிரத்து இருநூறு வீடுகள். அதன் கழிவுநீர் அப்படியே ஏரியில் கலக்கிறது என்று புகாருக்கு மேல் புகார். மூன்று முறை மாதிரி எடுத்தோம். மூன்றும் தேறின. யசோதா என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

“சார், நீங்க போன் போட்டா அவுங்க சுத்தம் பண்ற மெஷினை அன்னிக்கு மட்டும் ஓட விடறாங்க. நாம போனதும் நிறுத்திடறாங்க. கரண்டு மிச்சம். அத போயி நாம எதுக்கு சார் செக் பண்ணணும்?”

“வேற என்னம்மா பண்றது? வண்டி இல்லையே.”

“பஸ்ஸு இருக்குதே. பொம்பளைங்களுக்குத்தான் டிக்கெட்டு ஃப்ரீயாச்சே.”

பக்கத்து அறையில் மேடம் சிரிப்பது கேட்டது. மாதிரியை அதிகாரி முன்னிலையில்தான் எடுக்க வேண்டும் என்பது சட்டம். மறுநாள் காலை இரண்டு பெண்களும் அந்தக் குடியிருப்புக்குச் சொல்லாமல், ஐஸ் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் பஸ் ஏறிவிட்டார்கள். அன்று எடுத்த தண்ணீர் கறுப்பாக இருந்தது. ஆய்வறிக்கை அதைவிடக் கறுப்பு. கிருமி எண்ணிக்கை அனுமதித்த அளவைப்போல நாற்பது மடங்கு. மேடம் அன்றே விசாரணைக்கு நோட்டீஸ் அனுப்பினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

விசாரணைக்கு முதல்நாள் ஏஜென்சியிலிருந்து யசோதாவுக்குப் போன் வந்தது. இந்த அறிக்கை விசாரணையில் செல்லாமல் போனால் நீயும் வேலைக்கு வர வேண்டாம் என்றார்களாம். வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான். முகம் சுண்டிப்போயிருந்தது. அறிக்கை ஏன் செல்லாமல் போகும் என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

மறுநாள் புரிந்தது. குடியிருப்பின் மேலாளர் சுந்தரமூர்த்தி ஒரு வக்கீலோடு வந்தார். வக்கீல் ஏஜென்சியின் தாள் ஒன்றை மேஜையில் வைத்தார். அது அவர் கைக்கு எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள், வாயில் நல்ல வார்த்தை வராது. மாதிரி எடுத்த தேதி ஜூன் முப்பது. அன்று யசோதா என்று யாரும் இந்த அலுவலகத்தில் வேலையில் இல்லை. வெளியாள் எடுத்த பாட்டில் எப்படிச் செல்லும்?

 அறிக்கையில் தேதியை அடித்தவன் நான். வருஷா வருஷம் அந்தப் பிரேக்கைக் கோப்பில் ஏற்றுகிறவனும் நான். பஸ் ஏறிய அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வராத நாள் என்றால் நினைவிருந்திருக்கும். தவறாமல் வருகிறவரை வேலையில் இல்லை என்று எப்படி நினைப்பது?

கதவோரம் நின்றிருந்த யசோதா அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

“வக்கீல் சார் சொல்றது கரெக்டு மேடம். அன்னிக்கு நான் வேலைல இல்ல. அந்தப் பாட்டில தூக்கிப் போட்டுடுங்க.”

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

“ஆனா இன்னிக்கு வேலைல இருக்கேன். பொட்டி ரெடியா இருக்குது. இப்பவே போயி எடுத்துடலாம். ராகவன் சாரும் கூட வரட்டும்.”

மேடம் பேனாவை மூடினார். “நல்லதாப் போச்சு. கிளம்பலாமா?”

வக்கீல் கையைப் பிடித்து அடக்குவதற்குள் சுந்தரமூர்த்தியின் வாய் முந்திக்கொண்டது.

“இன்னைக்கு வேண்டாம் மேடம். மெஷின் ஓடல. நாளைக்குன்னா ஓட விட்டு வெச்சுடறேன். நானே வண்டியும் அனுப்பறேன்.”

“ராகவன், சார் சொன்னதை அப்படியே எழுதுங்க” என்றார் மேடம்.

எழுதினேன். இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு வரியை இவ்வளவு ஆசையாக எழுதியதில்லை. வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். அந்த ஆட்சேபணையையும் எழுதிக்கொண்டேன்.

அன்று மேடம், யசோதா, நான் என்று மூன்று பேருமாகப் போய் மாதிரி எடுத்தோம். அடுத்த வாரம் வந்த அறிக்கை முந்தியதைவிட மோசம். அதை எதிர்த்து எந்த வக்கீலும் வரவில்லை. ஏஜென்சியும் யசோதாவுக்கு மறுபடி போன் செய்யவில்லை. அன்று மாதிரி எடுத்ததற்கான படிவம் இப்போது என் கோப்பில் இருக்கிறது. ‘எடுத்தவர்’ என்ற இடத்தில் யசோதா தன் பெயரை எழுதி, பக்கத்திலேயே ‘பணியில் இருக்கிறேன்’ என்று தானாகச் சேர்த்திருக்கிறார். படிவத்தில் அப்படி எழுத இடமே கிடையாது. மேடம் அதை அடிக்காமல் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.