ஒரு நூல் தூக்கிய பானெட்

கரமனையில் எங்கள் தெருவுக்குப் பின்னால், ஆற்றுக்கு இறங்கும் வழியில், எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தகர ஷெட் முளைத்தது. மோதி நசுங்கிய கார்களை அடித்து நேராக்கி, பட்டி பூசி, பெயிண்ட் அடிக்கும் இடம். டிங்கரிங் ஒர்க்‌ஷாப் என்பார்கள். நான் வாசலில் செய்தித்தாளை எடுக்கும் நேரத்தில் அங்கே சுத்தியல் விழத் தொடங்கும். தலைமைச் செயலகத்தில் ஒரு செக்‌ஷனைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தவன் செய்யக்கூடிய காரியத்தை நானும் செய்தேன். புகார் எழுதினேன். மேலிடத்துக்கு அனுப்பும் புகாரின் நகலை எதிர்த்தரப்புக்கும் கொடுப்பது முறை. ஆகவே நானே அதை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன்.

ஷெட்டுக்காரர் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் முப்பது வருஷம் ஊறியவர். என் ஆங்கிலத்தைப் பெயிண்டரை விட்டு உரக்க வாசிக்கச் சொன்னார். பெயிண்டர் தடுமாறிய இடங்களில் நானே எடுத்துக் கொடுத்தேன். முடிந்ததும் அவர் எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"நல்ல எழுத்து சாமி. இதுபோல எங்களுக்கு ஒண்ணு எழுதித் தரணும், கேட்டோ. ஆருக்கு எதிரான்னு அப்புறம் சொல்றேன்."

காபி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன்னா, சத்தத்தை நிறுத்தறேன்னு போனேளே."

"பேச்சுவார்த்தை நடக்கிறது" என்றேன்.

அது பதினான்கு வருஷம் நடந்தது. நகரத்து டிங்கரிங் ஒர்க்‌ஷாப் முதலாளிகள் ஒரு சங்கம் வைத்தார்கள். தென்காசிக்காரர் தலைவரானார். விதிகளையும் மனுக்களையும் கூட்டக் குறிப்புகளையும் நான் எழுதினேன். அரசு ஊழியன் இப்படிப்பட்ட சங்கத்தில் பதவி வகிக்கக் கூடாது. அதனால் எந்தப் பதவியும் வகிக்காமல் எல்லா வேலையையும் செய்தேன். குறிப்புகளில் என் இடம் "அழைக்கப்பட்டவர்" என்பது. பதினான்கு வருஷமும் யாரும் என்னை அழைத்ததில்லை. நானாகத்தான் போனேன்.

சங்கத்தின் விதிகளில் எனக்குப் பெருமை தந்தது ஏழாவது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிரித்த வண்டியை, அங்கே பிரித்தவரின் சம்மதக் கையெழுத்து இல்லாமல், வேறு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகக் கூடாது. கொண்டுவந்தால் அங்கே யாரும் தொடக் கூடாது. காரணம் இருந்தது. ஒரு ஷெட்டில் பிரிக்க வைத்து, கூலி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு, இன்னொரு ஷெட்டுக்கு இழுத்துப்போகும் வாடிக்கைக்காரர்கள் அன்று அதிகம். பிரித்தவர் ஒருவர், பூட்டியவர் ஒருவர் என்றால் காணாமல் போன போல்ட்டுக்கு இருவருமே பொறுப்பல்ல. ஒரு டாக்டரின் கார் கதவு ஓடும்போதே கழன்று விழுந்து, இரண்டு உறுப்பினர்கள் கிள்ளிப்பாலத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்ட பிறகு அந்த விதி வந்தது. விலக்கு என்று ஒன்றுமே வைக்காமல் எழுதினேன். விலக்கு வைத்த விதி என்ன ஆகும் என்பதை ஆபீசில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த விதியில் ஒரு டாக்சி சிக்கிக்கொண்டது.

அதன் சொந்தக்காரர், ஓட்டுநரும் அவரேதான், தம்பானூர் ஸ்டாண்டுக்காரர். ஐப்பசி மழையில் மரத்தடிகளை ஏற்றி நின்ற லாரியின் பின்னால் போய் முட்டிவிட்டார். நீட்டிக்கொண்டிருந்த ஒரு தடி அம்பாசடரின் கிரில்லைத் துளைத்து உள்ளே எட்டிப் பார்த்தது. வண்டியை நாகர்கோவில்காரரிடம் விட்டார். நாகர்கோவில்காரர் எங்கள் சங்கத்தில் வேலை சுத்தத்துக்கும் வாய்த் துடுக்குக்கும் பேர்போனவர். கிள்ளிப்பாலம் தாண்டி அவருக்கு ஷெட். பானெட்டைக் கழற்றி, இரண்டு மட்கார்டையும் கழற்றி, போல்ட்டுகளைத் தேங்காய்ச் சிரட்டைகளில் போட்டுப் பலகையில் வரிசையாக வைத்த அன்று மாலை, அவர் கண் மஞ்சளாக இருப்பதை அவர் மனைவி பார்த்தாள். மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். மஞ்சள் காமாலை. ஒரு மாதம் எழுந்திருக்கக் கூடாது.

டாக்சிக்காரர் சங்கக் கூட்டத்துக்கு வந்து வாசலிலேயே நின்றார். மலையாளி. எங்களோடு தமிழ் பேசுவதாக நினைத்துப் பேசுவார்.

"சாமி, எனிக்கு உங்க ரூல் ஒண்ணும் அறியில்ல. விருச்சிகம் ஒண்ணாம் தேதி காலம்பற இருமுடி கெட்டி ஆளு வரும், சபரிமலைக்கு. மண்டலக் காலம் முழுக்க புக்கிங். நான் என்ன காட்டும், ஸ்டியரிங்கா?"

டாக்சி வைத்திருப்பவருக்கு அந்த மண்டலக் காலம்தான் வருஷம். மற்ற மாதங்கள் அதற்கு முன்னும் பின்னும் வருகிறவை. விருச்சிகம், அதாவது நம் கார்த்திகை, பிறக்க இரண்டு வாரம்கூட இல்லை. இவருக்கு வண்டி இல்லை என்று தெரிந்தால் அந்தக் குருசாமிகள் அடுத்த வருஷமும் வேறு டாக்சிக்குத்தான் போவார்கள்.

"கையெழுத்து வாங்கிட்டா தீர்ந்தது" என்றார் தலைவர். "சாமியும் நானும் போய்ட்டு வாறோம்."

சம்மதக் கடிதத்தை நல்ல தாளில் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வார்டில் நாகர்கோவில்காரர் பழுத்த எலுமிச்சை நிறத்தில் படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி உப்பில்லாத கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். கடிதத்தை அவர் தொடவில்லை.

"என்ன வே, உயில் எழுதிக் கொண்டாந்திருக்கீரா?"

"ஒரு வண்டிக்கு மட்டும்தான்" என்றேன்.

"இன்னைக்கு ஒரு வண்டி போவும். முற்றத்தில நிக்குத மத்ததெல்லாம் பாத்துக்கிட்டா இருக்கும்? காலியாக் கெடக்க ஷெட்டுல ஒருத்தன் வண்டி விடுவானா வே? நான் எழும்பி வாறப்போ அங்க புல்லுதான் நிக்கும்."

தலைவர் தணிந்த குரலில் சொன்னார். "ஒரு மனுஷன்ற பிழைப்பு மாட்டிக்கிடக்கு, அல்லே?"

"எனக்க பிழைப்போ? அது கடலைமிட்டாயோ?" அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "ஏழாம் விதி ஏழாம் விதின்னு தலைகீழா நின்னு பாஸ் பண்ணினேருல்லா. இப்போ அனுபவியும்."

விதிப்படி அவர் சொன்னது முழுக்கச் சரி. நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

மறுநாள் அவசரச் செயற்குழு. ஒருவர் விதியையே நீக்கலாம் என்றார். நீக்க வேண்டுமானால் பொதுக்குழு கூட வேண்டும், அதற்கு இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று சொன்னேன். இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு டாக்சியை இழுத்துவந்துவிடலாம் என்றார். இழுத்தால் யாருடைய ஷெட்டுக்கு என்று கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே நாகர்கோவில்காரரின் மனைவி உள்ளே வந்தாள். எங்கள் கூட்டத்துக்குள் ஒரு பெண் வந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலி காட்டினார்கள். உட்காரவில்லை.

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணு தெரியணும். வண்டி எங்க ஷெட்ட விட்டு வெளிய போவக் கூடாது. அவ்வளவுதான உங்க சட்டம்?"

"அதுதான் மைனி" என்றார் தலைவர்.

"அப்போ நீங்க உள்ள வாங்க." கூடையிலிருந்து சாவியை எடுத்து மேசை மேல் வைத்தாள். "தாக்கோலு இந்தா இருக்கு."

வெளியாட்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியாது. ஒரு டிங்கர் இன்னொரு டிங்கரின் ஷெட்டுக்குள் நுழைய மாட்டார். பேச வேண்டியிருந்தால் தெருவில் நின்று கூப்பிடுவார். உள்ளே போனால் வேலையைத் திருட வந்ததாக அர்த்தம். பத்து வருஷமாக ஒருவர் கல்யாணத்துக்கு ஒருவர் போய்வந்தவர்கள், ஒருவர் ஷெட்டின் உள்பக்கத்தை ஒருவர் பார்த்ததில்லை.

தலைவர் என்னைப் பார்த்தார். "சாமி, ரூல்ல எடமுண்டோ?"

இடம் இருக்கத்தான் செய்தது. விதி வண்டியை நகர்த்துவதைத்தான் தடுத்தது. ஆனால் செயற்குழுவின் ஐந்து பேரும் சும்மா உள்ளே நுழைந்தால் அது அத்துமீறல். செயற்குழுவை எந்த உறுப்பினரின் இடத்திலும் கூட்டலாம் என்று வேறொரு விதி சொன்னது. ஒத்திவைத்த கூட்டத்தை மறுநாள் தொடர்வதற்குப் புதிய அறிவிப்பு வேண்டியதில்லை. ஆகவே குறிப்பில் எழுதினேன்: இடம், கிள்ளிப்பாலம் ஷெட், பொருள், இடது மட்கார்டு, வலது மட்கார்டு, கிரில், பானெட். தினமும் மாலை, தங்கள் வேலையை முடித்துக்கொண்டு ஐவர் வருவார்கள். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் கூட்டம் ஒத்திவைக்கப்படும். ஐந்து பேர் இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது என்பதால், ஒருவர் பீடிக்கு வெளியே போனால் மற்ற நால்வரும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நிற்க வேண்டும் என்று சொன்னேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன். வைத்துவிட்டு நின்றார்கள்.

அவரவர் சுத்தியலை அவரவர் கொண்டுவந்தார்கள். சுவரில் ஆணியில் நாகர்கோவில்காரரின் சுத்தியல் தொங்கியது. அதை யாரும் தொடவில்லை. ஒரு மட்கார்டை ஐந்து பேர் சேர்ந்து நேராக்குவது எப்படி என்று நான் அங்கேதான் பார்த்தேன். ஒருவர் அடிப்பார், நால்வர் முகம் சுளிப்பார்கள்.

"அங்ஙன அடிச்சா ஆமை முதுகு போல வரும்."

"உம்ம ஷெட்டுல வாறது அதுதான?"

"என் ஷெட்டுல வாறது உமக்கெப்படித் தெரியும்? எட்டிப் பாத்தீரோ?"

ஒருவர் இரண்டு நாளில் முடிக்கக்கூடிய வேலையை, ஐந்து கைதேர்ந்தவர்கள் ஒரு வாரத்தில் பாதி முடித்தார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். இவ்வளவு உண்மையாக வேலை நடந்த கமிட்டியை அதற்கு முன்போ பின்போ நான் பார்க்கவில்லை. டாக்சிக்காரர் தினமும் வந்து, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், தன் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பார். முன்பக்கம் இல்லாத காரில் அவர் அப்படிக் காத்திருப்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

பூட்டும் நேரம் வந்தபோது சிரட்டைகள் தகராறு செய்தன. எந்தச் சிரட்டையில் எதனுடைய போல்ட் என்பது அவற்றை அடுக்கியவருக்கு மட்டுமே தெரியும். ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒரு முறை. தலைவர் இடமிருந்து வலம், இன்னொருவர் பெரியதிலிருந்து சிறியது. நாகர்கோவில்காரர் முறை என்ன? கேட்கத்தான் வேண்டும். ஆனால் கையெழுத்துப் போடாதவரிடம், அவர் ஷெட்டில் அவருக்குச் சொல்லாமல் உட்கார்ந்துகொண்டு, எப்படிக் கேட்பது?

"நான் கேக்கேன்" என்றாள் அவர் மனைவி. மறுநாள் கஞ்சியோடு பஸ் ஏறிப் போனாள். மாலையில் திரும்பி வந்து, கூடையை இறக்கும் முன்பே சொன்னாள்.

"கண்ணு வச்ச சிரட்டை இடது பக்கமாம், கண்ணில்லாதது வலது பக்கமாம். அதுகூடத் தெரியாம அஞ்சு பேரு என்னத்துக்கு அங்க இருக்கீங்கன்னு கேட்டாரு."

"அப்போ அறிஞ்சு போச்சா?" என்றார் தலைவர்.

"முதல் நாளே தெரியும் அண்ணாச்சி. கஞ்சி குடுக்கும்போ சொல்லிட்டேன். தாக்கோல ஏன் குடுத்தேன்னு கத்தினாரு. அப்புறம் மூணு தடவ கேட்டாரு, கேஸ் வெல்டிங் யாரு வச்சதுன்னு."

அன்றிலிருந்து கூட்டம் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தது. தினமும் அவள் வாய்வழியாக ஆணைகள் வந்தன. ரேடியேட்டர் முட்டுக் கம்பியை முதலில் பார்க்க வேண்டும். பட்டியை அப்பக் கூடாது, அவர்களுக்கு அப்பித்தான் பழக்கம். கிரில்லைத் தலைவர் ஷெட்டின் அந்த வாய்கோணிப் பெயிண்டர் தொடவே கூடாது. பெயிண்டர் கோபித்துக்கொண்டு வெளியே போய் நின்றார். அவர் ஐவரில் ஒருவர் அல்ல என்பதால் கூட்டம் தடைபடவில்லை. ஒரு கடிதத்தால் முடியாததை உப்பில்லாத கஞ்சித் தூக்கு முடித்தது. ஆபீசில் இதைச் சொன்னால் ஒரு முன்னுதாரணம் ஆகிவிடும் என்பதால் நான் சொல்லவில்லை.

விருச்சிகம் பிறப்பதற்கு முந்தின நாள் பானெட் ஏறியது. ஏற்றியது தலைவர். அவரே ஏற்றுவேன் என்று நின்றார். பெயிண்ட் ஈரம் முழுதும் காயவில்லை. டாக்சிக்காரர் முதல் ஓட்டமாக ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். நானும் தலைவரும் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தோம். வார்டு மாடியில் இருந்தது. வண்டியைக் கீழே நிறுத்தி ஹாரன் அடிக்கக் கூடாது என்பதால், டாக்சிக்காரர் எங்களோடு இறங்கிப் பானெட்டைத் தட்டினார். நாகர்கோவில்காரர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இடது பக்கம் ஒரு நூல் தூக்கிட்டு நிக்கு" என்றார். "ஏத்தினது யாரு?"

தலைவர் மேகத்தைப் பார்த்தார். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டாக்சிக்காரர் குனிந்து பார்த்தார், தடவிப் பார்த்தார், பிறகு மேலே பார்த்துக் கும்பிட்டார். மறுநாள் விடியற்காலையில் இருமுடிகளோடு வண்டி கிளம்பிப் போனதை நான் பார்க்கவில்லை. ஸ்டாண்டில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மண்டலக் காலம் முழுவதும் ஓடியது.

நாகர்கோவில்காரர் எழுந்து வந்தபோது முற்றத்தில் புல் முளைக்கவில்லை. மற்ற வண்டிகள் அங்கேயே காத்திருந்தன. சங்கமே உட்கார்ந்து வேலை பார்த்த ஷெட் என்று பேர் வேறு கிடைத்துவிட்டது. தை மாதம் டாக்சிக்காரர் பானெட்டைச் சரிசெய்ய அவரிடம் வண்டியைக் கொண்டுபோனார். அவர் தொட மறுத்துவிட்டார்.

"இது சங்கம் பூட்டின வண்டி. நான் எப்படித் தொடுவேன்? ஏழாம் விதி இருக்குல்லா. சம்மதக் கையெழுத்து வாங்கிட்டு வாரும்."

டாக்சிக்காரர் என்னிடம் வந்தார். அடுத்த செயற்குழுவில் பொருளாக வைத்தேன். சம்மதம் தர வேண்டுமானால் பானெட் தூக்கியிருப்பதைச் சங்கம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தலைவர் வாசலில் நின்ற வண்டியைக் குனிந்து பார்த்தார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், டேப் வைத்துப் பார்த்தார்.

"நேராத்தான் இருக்கு, கேட்டோ" என்றார்.

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அந்த டாக்சி அதற்குப் பிறகும் பல மண்டலக் காலம் பம்பைக்குப் போய் வந்தது, ஒரு நூல் தூக்கியபடியே. கரமனைப் பாலத்தில் எதிரே வரும்போதெல்லாம் நான் இடது பக்கத்தை உற்றுப் பார்ப்பேன். கடைசிவரை எனக்கு அது தெரிந்ததில்லை.