சுரங்கத்துக்குள் தலைச்சுமை இல்லை

1969 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். தோழியிடம் இரவல் வாங்கிய லேடீஸ் சைக்கிளில் பழனி சாலைக்கு வந்தேன். முந்தானையை இடுப்பில் இறுகச் செருகியிருந்தேன். கைப்பையில், கல்லூரி மலருக்காக நிலக்கரியைப் பற்றி எழுதிய கட்டுரை. அதன் நான்காம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தின் மேல் சிவப்புக் கோடு.

‘நிலத்தடியில் வெட்டிய கரியைப் பெண்கள் தலையில் சுமந்து வந்தனர்’ என்பது அந்த வாக்கியம். கோடு போட்டவர் மலரைத் தொகுத்த விரிவுரையாளர். “சுரங்கத்துக்குள்ள பொம்பளை எப்படிம்மா இறங்குவா? காய்காரி சொன்னதெல்லாம் வரலாறு ஆயிருமா? திங்கட்கிழமை காலையில அந்த வரி இல்லாம குடு. இல்லேன்னா கட்டுரையே வேண்டாம்” என்றார். நான் பேசாமல் நின்றேன். சரியான சொல் கிடைக்கும்வரை வாய் திறவாதது என் வழக்கம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்பவர்கள் அதிகம்.

அந்தக் காய்காரி, எங்கள் தெருவுக்கு வாரம் ஒரு முறை தக்காளி கொண்டுவருபவர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் கணவருடன் நாகபுரிக்கு அப்பால் ஒரு சுரங்கத்தில் வேலை செய்ததாக ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். அவருடைய தோட்டம் ரெட்டியார்சத்திரத்துக்கு அருகில் இருந்தது. அவரிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ள அங்கேதான் கிளம்பியிருந்தேன்.

பாதி வழியில் ஒரு டீக்கடை. பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர், “பழனிக்கா தாயி? காவடியைக் காணோமே” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். முன்சக்கரத்தைப் பார்த்தபடியே கடந்தேன்.

தோட்டத்தில் காய்கார அக்காவுக்குக் கட்டுரையை வாசித்துக் காட்டினேன். சிவப்புக் கோடு விழுந்த வாக்கியத்தைக் கேட்டதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“தலையிலயா? யாரு சொன்னா?”

“நீங்கதானக்கா கூடை சுமந்தேன்னு சொன்னீங்க.”

“கூடைன்னேன். தலைன்னு சொன்னனா?”

சொல்லவில்லை. எங்கள் ஊரில் கூடை என்றால் தலைமேல்தான், கேட்காமலே சேர்த்துவிட்டேன். அவர் ஒரு தக்காளிக் கூடையை என் தலையில் ஏற்றி, “இப்படியே மாட்டுக் கொட்டகைக்குள்ள போ” என்றார். தாழ்ந்த கூரையில் கூடை இடித்தது. பழங்கள் என் தோளில் உருண்டு விழுந்தன. பிறகு அவர் இரண்டாக மடிந்து, கூடையை முதுகில் வைத்து, ஒரு கையால் பின்புறம் பிடித்துக்கொண்டு நுழைந்தார். மறு கை வெறுமையாக முன்னே நீண்டிருந்தது.

“இந்தக் கை வெளக்குக்கு” என்றார்.

கொட்டகை வாசலில் உட்கார்ந்து அவர் சொன்னதை எழுதிக்கொண்டேன். “பொம்பளைங்க எறங்கக் கூடாதுன்னு முன்னாடி தடுத்து வச்சிருந்தாங்களாம். யுத்தத்துல கரி பத்தலை, வாங்கன்னாங்க. யுத்தம் முடிஞ்சுச்சு, போங்கன்னாங்க. எங்க வீட்டுக்காரரு வெட்டுவாரு, நான் சொமப்பேன். கூலி நோட்டுல அவரு பேரு மட்டுந்தான்.”

“எங்க சார் நம்பமாட்டேங்கிறார்க்கா.”

“அவரு எறங்கிப் பாத்தாராக்கும்?” காலிக் கூடையைத் தட்டிக் கவிழ்த்தார். “நீ எழுது. தலைன்னு மட்டும் எழுதிராத, அங்க வேலை பாத்தவ எவளாச்சும் படிச்சா சிரிப்பா. எம் பேரைப் போடு. இன்னாரு பொஞ்சாதின்னு போடாத.”

வாசிக்கத் தெரியாதவர். ஆனாலும் நான் எழுதிய தம் பெயரை விரலால் தொட்டு, எத்தனை எழுத்து என்று கேட்டார்.

திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. அதே டீக்கடை, அதே பெஞ்சு. “அதுக்குள்ள பழனி போயிட்டு வந்தாச்சா?” என்றார் காலையில் பேசியவர். சைக்கிளை அவர் எதிரிலேயே நிறுத்தினேன்.

“போற எடத்துக்குப் போயாச்சு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்றேன். தள்ளி உட்கார்ந்தார். டீயை அவசரமின்றிக் குடித்தேன்.

மறுநாள் காலை, சிவப்புக் கோட்டின் கீழ் ‘தலையில்’ என்பதை மட்டும் என் பேனாவால் அடித்து, ‘குனிந்த முதுகில்’ என்று எழுதினேன். பக்கத்தின் அடியில் அவர் பெயரையும், ‘சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்’ என்பதையும் சேர்த்தேன். கல்லூரிக்குச் சைக்கிளிலேயே போனேன். விரிவுரையாளர் மேசைமேல் நான்காம் பக்கம் தெரியும்படி தாள்களைப் பிரித்து வைத்து, “அந்த வரி இல்லாம இந்தக் கட்டுரை வேண்டாம் சார்” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.