கல்வெட்டில் விழுந்த கோடு

கல்லடி டீச்சரின் முகத்தில் அந்தக் கோடு வலது கண்ணுக்குக் கீழே தொடங்கி, மூக்கைத் தாண்டி, மறு கன்னம் வரை போயிருந்தது. இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம் எல்லாம் சேர்த்து, முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்தை எங்கள் பக்கம் கல்வெட்டு என்போம். ஒருவருக்கு ஒரு தடவைதான் அடிப்பது. பிழை விழுந்தால் அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ள முடியாது. டீச்சரின் கல்வெட்டை அடித்தது மட்டக்களப்பு நகரில் உள்ள என் அச்சகத்தில்.

மிசினை ஓட்டியவர் காத்தான்குடியிலிருந்து வந்துபோகும் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எங்கள் ஓப்செட் மிசினுக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் அவருக்குத்தான் உடம்பு சுடும். அந்தக் கிழமை, பிளேட்டுக்கு மை தடவும் ரோலரின் நுனி தேய்ந்து, பேரிங்குக்குள் ஆடத் தொடங்கியிருந்தது. நானா அதைக் கழற்றி மேசையில் வைத்து, தேய்ந்த இடத்தை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். என் நகம் பள்ளத்தில் இறங்கியது.

“ஒரு நாளைக்கு மிசினை நிப்பாட்டுங்க தம்பி. நுனியை லேத்தில கடைஞ்சு, இரும்பு வளையம் ஏத்தி, புதுப் பேரிங் போட்டுத் தாறன். இப்பிடியே ஓட்டினா படத்தில கோடு விழும்.”

நான் கேட்கவில்லை. கல்வெட்டை மறுநாள் மாலை தருவதாக டீச்சரின் மகனிடம் சொல்லியிருந்தேன்; சொன்ன நாளில் கொடுப்பவன் என்று பெயரெடுக்கும் ஆசை எனக்கு. எதையாவது வைத்து இறுக்கி ஓட்டச் சொன்னேன். அவர் பால்மா டின்னில் மெல்லிய தகரம் வெட்டி, நுனியில் சுற்றிப் பூட்டினார். நூறு தாள் ஒழுங்காக வந்தது. பிறகு தகரம் நசுங்கிவிட்டது. நானா மிசினை நிறுத்தி, கோடு விழுந்த தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். இதை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள், ஓட்டுங்கள் என்றேன்.

டீச்சரின் மகன் உற்றுப் பார்த்தார். முதல் பிரதியை விரித்தவர், பெருவிரலால் அந்தக் கோட்டைத் துடைத்தார். போகவில்லை. இன்னொரு பிரதியை எடுத்து அதிலும் துடைத்தார். அம்மாவின் முகத்தில் என்ன இது என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

“நானா கவனிக்காம அடிச்சுப்போட்டார்.”

மை துடைக்கும் துணியோடு நானா பக்கத்தில்தான் நின்றார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. “என்ட பிழைதான் மகன், மன்னிச்சிக்கங்க” என்றார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டும் ஒரே அறையில் மூன்றடி இடைவெளியில் நின்றதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

மறுநாள் யாரும் சொல்லாமலே ரோலரை லேத்துக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து வந்து பூட்டினார். அதற்குப் பிறகும் ஆறு வருடம் என்னிடம் வேலை செய்தார். அந்தக் கதையை ஒரு தடவையும் எடுக்கவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். கண் மங்கியதால் வேலையை விட்டு இப்போது வீட்டோடு இருக்கிறார். காத்தான்குடி பஸ்ஸில் கால் மணி நேரம்தான். நான் போனதில்லை, வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் டீச்சரின் மகன் மறுபடி வந்தார். இம்முறை அப்பாவின் கல்வெட்டு. படத்தை மேசையில் வைத்தவர், கையை எடுக்காமல் தயங்கினார்.

“அந்தக் கவனமில்லாத நானா இப்பயும் இங்கதானா?”

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்கு இனி வாய்க்காது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“அவர் இப்ப வேலையில இல்ல” என்றேன். “நீங்க பயப்பிடாதீங்க.”