சலவைக்கல்லைக் கெடுத்தவர் அண்ணன் அல்லர்

அண்ணன் அவர்களின் முதலாம் ஆண்டு நினைவுநாளுக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இப்படிப்பட்ட மலரில் எல்லோரும் கண்ணீரோடு எழுதுவார்கள். எனக்கு அழுகை வரவில்லை, வயிறு எரிகிறது. செவிலிமேட்டுச் சலவைக்கல் கோயிலின் தரையை ஆசிட் ஊற்றிக் கெடுத்தவர் என் அண்ணன் என்றுதான் உங்களில் பாதிப் பேர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது பொய். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் அவர்கள் மாகறலில் பிறந்தவர். அப்பா கல்தச்சர். அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்கு ஆறு. உளி பிடித்த கையாலேயே எனக்குத் தலைவாரிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பினார். தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "முதல்ல உன்னைக் கரையேத்தறேம்மா" என்பார்.

சீனாக்காரனோடு சண்டை நடந்ததற்கு அடுத்த வருஷம் அந்தக் கோயிலைக் கட்ட ஆரம்பித்தார்கள். கமிட்டித் தலைவர் காசிக்குப் போய்வந்தவர். வழியில் எங்கேயோ வெள்ளைவெளேரென்று ஒரு கிருஷ்ணன் கோயிலைப் பார்த்துவிட்டு, நம்மூரிலும் அதே மாதிரி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அடித்தளம் நம் பக்கத்துக் கருங்கல். அதன்மேல் செங்கல் சுவர். சுவரை மூட, ராஜஸ்தானத்திலிருந்து லாரியில் வந்த சலவைக்கல் பலகைகள். வாசலில் கோபுரம் கிடையாது. கருவறைக்கு மேலே வடக்கத்தி பாணியில் வளைந்து உயரும் சிகரம் மட்டும்தான். "கோபுரம் இல்லாம இன்னாய்யா கோயிலு, பங்களா மாதிரி இருக்குது" என்று ஊர் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. வடக்கேயிருந்து வந்த மேஸ்திரியிடம் பாதி சைகையிலும் பாதி இந்தியிலும் தொழில் கற்றார். முன்மண்டபத் தரை முழுக்க அவர் கைவேலை. தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சாணைக்கல்லால் தேய்த்து, குனிந்தால் முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்தார்.

கும்பாபிஷேகத்துக்கு முதல்நாள் மத்தியானம் விளக்குத் தேய்க்கப் பெண்கள் போனோம். கமிட்டி மெம்பர் ஒருவரின் மகனுக்கு என்னை நிச்சயம் செய்திருந்த சமயம். என் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தவர் வரப்போகிற மாமியார். புளியைக் கரைத்துக் கொடுத்தது நான். நம்மூர்க் கோயில்களில் கருங்கல் தரையில் உட்கார்ந்து புளி போட்டுத்தானே விளக்குத் தேய்க்கிறோம்? கருங்கல்லுக்கு ஒன்றும் ஆகாது. சலவைக்கல்லைப் புளிப்பு அரித்துவிடும் என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. புளி பூசிய விளக்குகளை அப்படியே தரையில் வைத்துவிட்டு, காபி குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசினோம். கழுவித் துடைத்த பிறகு பார்த்தால், கருவறைக்கு எதிரே விளக்கடி அளவுக்கு வட்டம் வட்டமாக மெருகு போய்ச் சொரசொரத்துக் கிடந்தது.

தலைவர் வந்தார். "ஆசிட்டை ஊத்திப் பாழாக்கிட்டியேடா! தெய்வக் குத்தம்டா இது!" என்று அத்தனை பேர் நடுவில் அண்ணனைப் பார்த்துக் கத்தினார். ஆசிட் எங்கேயாவது வட்டம் வட்டமாகக் கொட்டுமா? அந்த மனிதருக்குக் கண் இல்லையா? மேஸ்திரி குனிந்து, தரையைத் தொட்டு முகர்ந்து பார்த்து, "இம்லி, இம்லி" என்றார். இந்தியில் புளிக்கு அதுதான் பெயர். இந்தி ஒழிக என்று ஊரே கோஷம் போட்ட நேரம் அது. "இவன் இன்னாடா உளர்றான்" என்று அவரைத் தள்ளிவிட்டார்கள். காசிக்குப் போய்வந்தவருக்குமா புரியவில்லை? அண்ணனுக்குப் புரிந்தது. என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். என் பெயரோ மாமியார் பெயரோ வெளியே வந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம் அவருக்கு. "தப்பு என்னுதுங்க" என்று தலைவரிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் கும்பாபிஷேகத்தில் அண்ணனைக் கோயிலுக்குள்ளேயே விடவில்லை. வைகாசியில் என் கல்யாணம் நடந்தது.

அதன்பிறகு இந்த ஊரில் ஒருவரும் அவரைக் கல்வேலைக்குக் கூப்பிடவில்லை. அப்பேர்ப்பட்ட தரை போட்ட மனிதர், "அம்மி கொத்தலியா, அம்மி" என்று தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு போனார். என் புகுந்த வீட்டுத் தெருவிலும் கூவுவார். நான் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வேன். நெஞ்சில் சளி கட்டி, கடைசி மாதங்களில் எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தார். "இப்பவாவது சொல்லிடட்டுமாண்ணா?" என்று கேட்டேன். "நீ வாழ்ந்துக்கினு இருக்கற வீடும்மா. வுடு" என்றார். அந்தப் பொறுமையை எல்லோரும் புகழ்கிறீர்கள். எனக்கு அதை நினைத்தாலே கோபம் வருகிறது.

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த எதிர்வீட்டு அக்காவுக்கும், கடைசிவரை தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. கமிட்டியார் அனுப்பிய இரங்கல் செய்தியை இதில் சேர்க்கவில்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.

இந்தக் கட்டுரையில் முதலில் என்னை மட்டும்தான் எழுதியிருந்தேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். "நானும்தானேம்மா தேச்சேன், என்னையும் சேத்துப் போடு" என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா அத்தை?" என்று கத்திவிட்டேன்.

"நீ சொன்னியா?" என்று கேட்டார்.

சொல்லவில்லை. அண்ணன் உயிரோடு இருந்தவரை நான் சொல்லவே இல்லை.