விதை மூட்டையில் வெறும் தோல்

என் வீட்டுக்காரர் முட்டாள் இல்லை. திண்டிவனத்தில் அவரிடம் ஏமாந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சீட்டாட உட்கார்ந்தால் மட்டும் புத்தி புல் மேயப் போய்விடும். உள்ளே வெளியே ஆட்டத்தில் எப்போதும் 'உள்ளே'தான். கட்டிய வேட்டியே போனாலும் 'உள்ளே'தான்.

ஒருநாள் விளையாட்டாகப் புளியங்கொட்டையை மறைத்து, எந்தக் கை என்று கேட்டேன். ஏழு தடவையும் இடக்கையில்தான் வைத்தேன். ஏழு தடவையும் வலக்கையைத் தட்டினார்.

"இப்ப மாறும் பாரும்மே" என்று எட்டாவது தடவையும் வலக்கையையே தட்டினார். நான் சிரித்தேன். சிரித்தேனே, பாவி!

அது எண்பதுகளின் நடுவில். ஆடிப்பட்டத்துக்கு இரண்டு மூட்டை விதை மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வைத்திருந்தோம். பட்டினி கிடந்தாலும் விதையில் யாரும் கைவைக்க மாட்டார்கள். அந்தச் சமயத்தில் தங்கையின் பிரசவத்துக்கு நான் விழுப்புரம் போகவேண்டி வந்தது. ஏற்கெனவே மூன்று சத்தியத்தை மீறிய மனுஷன். ஆனாலும் கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்தி, கையால் அடித்து அணைத்து, "விதையத் தொட்டா இந்தக் கை அழுவிப்போவட்டும்" என்றார். கற்பூரம் அடித்தவன் பொய் சொல்வானா? நம்பிப் பஸ் ஏறினேன்.

திரும்பி வந்தபோது மூட்டைகள் வைத்த இடத்தில் நின்றன. மனசு குளிர்ந்தது. விதை உடைக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்த அன்று ஒரு மூட்டையை நகர்த்தினேன். ஒற்றைக் கையோடு வந்துவிட்டது. பிரித்தால் இரண்டு மூட்டையிலும் முழுக்க வெறும் தோல்! மில்லில் கொட்டிக்கிடப்பதை அள்ளிவந்து திணித்து, வாயையும் தைத்து வைத்திருந்தார். அதற்கு மட்டும் மூளை வேலை செய்திருக்கிறது.

"வெதை எங்கய்யா?" என்றேன்.

"இன்னும் ஒரு ஆட்டம் ஆடியிருந்தா நாலு மூட்டையா வந்திருக்கும்மே. சும்மா பேஜாரு பண்ணாத, சோத்தப் போடு."

முகத்தில் வெட்கம் மருந்துக்கும் இல்லை. மண்ணை வாரித் தூற்றி அழுதேன்.

"அழுவாத. கற்பூரம் எடுத்துனு வா, சத்தியம் பண்றேன்" என்றார்.

நானும் எழுந்து மாடத்துக்குப் போனேன்! கற்பூர டப்பாவைத் திறந்த பிறகுதான் உறைத்தது, இது ஐந்தாவது சத்தியம். அவர் அதே கையைத் தட்டினார் என்றால், நானும் அதே ஆளைத்தானே நம்பினேன்? டப்பாவை அவர் மூஞ்சியில் விட்டெறிந்தேன்.

பின்னாளில் விழுப்புரத்தில் ஒரு டாக்டர் சொன்னார், சிலருக்குத் தோற்றது மண்டையில் ஏறாது, அடுத்தவர் அழுகையும் ஏறாது என்று. வியாதியோ திமிரோ, வயிறு காய்ந்தது எனக்குத்தான்.

அந்த ஆடியில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். விளைந்ததும் குத்தகைக்காரன் மல்லாட்டை பிடுங்க ஆள் கூப்பிட்டான். என் நிலத்தில் நானே கூலிக்குப் போனேன்.