பின்னால் நடந்த கோழி

நெல்லிவாசல்நாட்டில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் ரம்யாவுக்கு வேலை வந்துவிடும். காகிதப் பத்திரிகை சாமிக்கும் தாய்மாமனுக்கும் மட்டும்தான். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அவள் செய்து தரும் அசையும் படம். புளியங்கொட்டை, மொச்சை, சோளம் எல்லாவற்றையும் வாசலில் பரப்பி, நெல்லளவு நகர்த்துவாள், ஒரு போட்டோ எடுப்பாள், மறுபடி நகர்த்துவாள். வரிசையாக ஓட்டினால் கொட்டைகள் எழுந்து நடக்கும். கண்ணமங்கலத்தில் ஒரு ஸ்டுடியோவில் கொஞ்ச நாள் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட பைத்தியம்.

ஜீப் ஓட்டும் சின்னராசு தன் கல்யாணத்துக்குக் கேட்டது ஒன்றுதான். அவன் ஜீப் மலையேறி வர வேண்டும், பெண் பக்கத்தில் நிற்க வேண்டும். ரம்யா மொச்சையில் ஜீப் செய்தாள். வெளிச்சம் மாறினால் படம் விட்டுவிட்டு மின்னும் என்று கணவன் வெற்றிவேல் காலையெல்லாம் குடை பிடித்தான். ஜீப் உச்சிக்கு வந்து நின்றது. கடைசியாக ஒரு முத்துச் சோளத்தை மணப்பெண்ணாக வைத்தாள். வெற்றிவேல் கொட்டாவி விட்ட நேரம், வீட்டுக் கோழி உள்ளே புகுந்து பெண்ணை விழுங்கிவிட்டுப் போனது. ரம்யாவின் விரல் மட்டும் பழக்கதோஷத்தில் படம் எடுத்துக்கொண்டே இருந்தது.

வெற்றிவேல் அசடு வழிந்தான். அவள் எடுத்த படங்களைக் கடைசியிலிருந்து தள்ளிப் பார்த்தாள். கோழி பின்பக்கமாக வந்தது, அலகைத் திறந்தது, பெண்ணை ஜீப் பக்கத்தில் வைத்தது, பின்பக்கமாகவே போனது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கோழி வந்த படங்களை மட்டும் அப்படியே பின்னிருந்து முன்னாக ஜீப் படத்தின் கடைசியில் சேர்த்துவிட்டாள். படங்களின் கனத்தில் போன் திணறியது. எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டலில் சிறிதாக்கினாள். அளவைத் தப்பாகக் கொடுத்ததில் முதலில் கோழி வாத்தைப் போலத் தட்டையானது. அகலத்தைச் சரிசெய்து இன்னொரு முறை சுருக்கினாள்.

சின்னராசு இரண்டு தரம் பார்த்தான்.

"கோழி இன்னாத்துக்கு அண்ணி பின்னாடியே போவுது?"

"மரியாதைதான். பொண்ணைக் குடுத்துட்டு மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்டிட்டா போவும்?"

அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. சாயங்காலம், மலையின் அந்தப் பக்கத்து ஊரிலிருந்து மணப்பெண் சுவேதாவே படத்தைப் பார்த்துவிட்டு ரம்யாவுக்குப் போன் செய்தாள். புது ஊருக்கு வர பயந்து காலையில் அழுதாளாம்.

"அக்கா, விருந்துக்குன்னு அந்தக் கோழிய அடிச்சிடாதீங்க. நா வந்து பாக்கணும்."

கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கோழியைத்தான் விசாரித்தார்கள். செங்கத்தில் பஞ்சர் கடை திறக்கப்போகும் கோபால் கையோடு தன் கடைக்கும் ஒரு படம் கேட்டுவிட்டுப் போனார். உளுந்தில் டயர் செய்தால் உருளுமா என்று ரம்யா இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறாள்.